எங்கேயோ ஏதோ செத்துக் கிடக்குது

சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க தட்டைக் கழுவி வெச்சுட்டு அப்புறமா வாங்க. விஷயம் அப்படி. செத்த எலி.

எங்க வீடு திருச்சி உறையூர்ல, மாடி போர்ஷன், வாடகைக்கு. கீழே ஒரு மளிகைக் கோடவுன். அரிசி மூட்டை இருக்குற இடத்துல எலி இருக்கும், இருக்குற எலி மாடிக்கும் வரும். இதுல ஆச்சரியப்பட ஒண்ணுமில்ல. போன மார்ச் மாசம் ஒரு நாள் காலைல வீட்டுல லேசா ஒரு நாத்தம். அம்மா குப்பைக் கூடையைக் கழுவினாங்க. மறுநாள் கொஞ்சம் ஜாஸ்தி. பாத்ரூம்ல பினாயில் ஊத்தினாங்க. மூணாவது நாள்தான் நாத்தம் தாத்தா ரூம்லேர்ந்து வருதுன்னு தெரிஞ்சது.

பிரச்சினையே அங்கதான். தாத்தாவுக்கு 81 வயசு. இதய வால்வு மாத்தினவர், பாதி நாள் கட்டில்லதான். வயசானவங்க ரூம்ல நாத்தம் வந்தா முதல் சந்தேகம் யார் மேலன்னு நான் சொல்லணுமா? யாரும் வாயைத் திறக்கல. பெட்ஷீட்டை ரெண்டு தடவை மாத்தினாங்க, மெத்தையை வெயில்ல போட்டாங்க. ஊர்லேர்ந்து வந்திருந்த சித்தி மட்டும், "வயசானா அப்படித்தான்க்கா, நாமதான் பொறுத்துக்கணும்"னு ரகசியமா சொல்றதா நினைச்சு சத்தமா சொல்லிட்டாங்க.

தாத்தாவுக்குக் காது நல்லாவே கேக்கும்.

அன்னைக்கு சாயங்காலம் ரெண்டாவது தடவை குளிச்சார். என்கிட்ட காசு குடுத்து பவுடர் வாங்கிட்டு வரச் சொன்னார். ராத்திரி எல்லாரோடயும் உக்காராம, தட்டை ரூமுக்கே கொண்டு வரச் சொல்லிட்டார். 40 வருஷம் ஜவுளிக்கடையில கணக்குப்பிள்ளையா, வெள்ளை வேட்டியில கறை படாம வேலை பார்த்த மனுஷன். "என் மேலேர்ந்தாடா வருது?"ன்னு கேட்டார். "இல்ல தாத்தா"ன்னேன். நான் சொன்னா போதுமா? காமர்ஸ் படிக்கிறவனுக்குத் தெரியும், வவுச்சர் இல்லாத செலவு கணக்குல நிக்காது. ஆதாரம் வேணும்.

தேடுறதுக்கு முன்னாடி கொஞ்சம் படிச்சேன். செத்த உடம்புல பாக்டீரியா புரதத்தைச் சிதைக்கும்போது வர்ற பொருள்கள்ல ரெண்டு, புட்ரெசின், கெடவரின். 1885ல பெர்லின்ல லுட்விக் பிரீகர்ங்கிற டாக்டர் இதுங்களுக்குப் பேர் வெச்சார். கெடவர்னா பிணம். கூடவே கந்தகம் கலந்த வாயுக்களும் வரும். ஊதுவத்தி, சாம்பிராணி, ரூம் ஸ்பிரே எல்லாம் இது மேல ஒரு போர்வை போடும், அவ்வளவுதான். போர்வைக்குள்ள எலி அப்படியே இருக்கும்.

இன்னொரு விஷயம், மூக்குக்கு எந்த வாசனையும் சில நிமிஷத்துல பழகிடும். அதனால ரூமுக்குள்ளயே சுத்திச் சுத்தி மோந்தா இடம் பிடிபடாது. ஃபேனை நிறுத்தி, கதவு ஜன்னலைச் சாத்திட்டு, மொட்டை மாடியில கொஞ்ச நேரம் நின்னேன். திரும்ப உள்ள வந்து முதல் ரெண்டு மூச்சுல எங்க தூக்கலா இருக்குன்னு பார்த்தேன். கட்டில் பக்கம் கம்மி. பரணுக்குக் கீழ குப்புன்னு அடிச்சது. நிமிர்ந்து பார்த்தா ரெண்டு பெரிய பச்சை ஈ. இந்த ஈக்கள் முட்டை போட செத்த உடம்பைத் தேடி வரும். நம்மைவிட நல்ல துப்பறிவாளர்கள் :)

ஏணி போட்டு ஏறினேன். தாத்தாவோட பழைய பேரேடுகளுக்குப் பின்னாடி, கிழிச்ச காகிதக் கூட்டுல ஒரு பெருச்சாளிக் குட்டி சைஸ் எலி. கீழ எட்டிப் பார்த்து "தாத்தா, கிடைச்சாச்சு!"ன்னு கத்தினேன். சித்தி உட்பட எல்லாரும் ஓடி வந்தாங்க. தாத்தா ஒண்ணும் சொல்லல. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மறுபடி போட்டுக்கிட்டார். அன்னைக்கு ராத்திரி எல்லாரோடயும் உக்காந்து ரெண்டு தோசை கூடுதலா சாப்பிட்டார்.

எடுக்குற விதமும் முக்கியம். கையுறை, மாஸ்க் போட்டுக்கிட்டு ப்ளீச்சிங் தண்ணியால அந்த இடத்தை முதல்ல நனைக்கணும். காய்ஞ்சபடியே பெருக்கினா தூசியோட கிருமியும் மூக்குக்குள்ள வரும். எலியை ரெண்டு கவர்ல போட்டுக் கட்டி அப்புறப்படுத்தணும். ப்ளீச்சிங்கோட டாய்லெட் கழுவுற ஆசிட்டைக் கலக்கவே கூடாது, குளோரின் வாயு வரும். மிச்சமிருக்குற வாடைக்கு ஜன்னலைத் திறந்து வெச்சு, அடுப்புக்கரியை ஒரு தட்டுல வைங்க.

எலி எப்படிச் செத்துச்சு? கீழே கோடவுன்ல விஷக் கட்டி வெச்சிருந்தாங்களாம். "அதைத் தின்னா தண்ணி தேடி வெளியே போய்த்தான் சாகும்"னு சித்தி சொன்னாங்க. எங்க ஊர்ல பாதிப் பேர் அதைத்தான் நம்புறாங்க. அப்படியெல்லாம் இல்ல. அந்தக் கட்டியில இருக்குற மருந்து ரத்தம் உறையுறதைத் தடுக்கும். எலி உடனே சாகாது, சில நாள் கழிச்சு எங்க பதுங்குதோ அங்கயே சாகும். பெரும்பாலும் நம்ம பரண்ல.

இந்த வகை மருந்துல பழசு வார்ஃபரின். அமெரிக்காவுல 1948ல எலி விஷமா விற்பனைக்கு வந்தது. 1954லேர்ந்து மனுஷங்களுக்கும் ரத்தம் கட்டாம இருக்க டாக்டர்கள் குடுக்குறாங்க. வால்வு மாத்தின தாத்தா தினமும் சாயங்காலம் போடுற மாத்திரை அதுதான். அளவு மாறினா மருந்தே விஷம். சொன்னதும் தாத்தா சிரிச்சார், "அந்த எலிக்கு டாக்டர் இல்ல, எனக்கு இருக்கார்."

இப்போ நாங்க கூண்டுதான் வைக்கிறோம். ஒரு தடவை செலவு, வருஷக்கணக்கா உழைக்கும். பிடிச்ச எலி எங்க இருக்குன்னும் தெரியும். விஷம்னா எலியோட நிக்காது. 2024 நவம்பர்ல குன்றத்தூர் பக்கம் ஒரு வீட்டுல எலிக்கு வெச்ச மருந்தோட நெடியில ரெண்டு குழந்தைங்க இறந்துபோனது ஞாபகம் இருக்கும்.

உங்க வீட்டுல நாத்தம் வந்தா பரணைப் பாருங்க, பீரோ பின்னாடி பாருங்க, ஃப்ரிட்ஜுக்கு அடியில பாருங்க. மனுஷங்களைக் கடைசியா பாருங்க.