ஊதாப்பூ

தென்மேல் பருவமழை ஓய்ந்து வெயில் முகம் காட்டும் புரட்டாசியில், டயகமவிலிருந்து ஹோட்டன் சமவெளியை நோக்கி ஏறும் மலைவிளிம்பில், தேயிலை முடிந்து புல் தொடங்குமிடத்தில், ஊதா நிறப் புஷ்பம் ஒன்று பூக்கிறது. ஐந்து இதழ், நடுவே தடித்து ஒருபக்கமாகச் சாய்ந்த மஞ்சள் மகரந்தப் பைகள், இலையில் எடுப்பாகத் தெரியும் மூன்று நரம்புகள். பையின் நுனியிலுள்ள சிறு துவாரத்தின் வழியேதான் மகரந்தம் வெளிவர வேண்டுமாகையால், தேனீ வந்து அதைக் கட்டிக்கொண்டு உடம்பை அதிரவைத்து உலுக்கினாலன்றி ஒரு துகளும் கிடைப்பதில்லை. செட்டான பூ!

சிங்களவர் இதைப் பினர என்கிறார்கள். செப்டம்பரை ஒட்டி வரும் அவர்களுடைய மாதத்துக்கும் அதுவே பெயர். கேரளத்தில் இதன் ஒன்றுவிட்ட சகோதரி ஒருத்தி கண்ணாந்தளி என்ற நாமத்தோடு ஓணப் பூக்கோலத்தில் இடம்பெற்று, எம். டி. வாசுதேவன் நாயரின் நூலொன்றின் தலைப்பிலும் ஏறி அமர்ந்துவிட்டாள் என்பதைச் சற்றே பொறாமையோடு குறித்துக்கொள்கிறேன். அக்கரப்பத்தனையில் எங்கள் லயத்திலோ அது வெறும் ஊதாப்பூ.

அந்த ஊதாப்பூவின் தண்டை நான் ஒருமுறை கடித்துத் தின்றிருக்கிறேன். ஏழெட்டு வயதில் காய்ச்சலாகக் கிடந்தபோது, இந்தியாவிலிருந்து யாரோ கொண்டுவந்த நிலவேம்பை அப்பாயி சுண்டக் காய்ச்சி, என் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றி, அழுகை கிளம்புமுன் உள்ளங்கையில் சீனியை வைத்துவிடுவாள். எழுந்து நடமாடிய முதல் நாளில், கொழுந்தெடுக்கப் போன அவள் பின்னாலேயே மலையேறி, தேன் இருக்கும் என்ற நப்பாசையில் தண்டை மென்றேன். முதலில் ஒன்றுமில்லை, பிறகு அடிநாக்கில் ஒரு கைப்பு ஊறிப் பரவி, நான் வீரிட்டதும், தலையில் மாட்டிய கூடையை இறக்காமலே அப்பாயி மிச்சத் தண்டை வாங்கி நுனியைக் கடித்துப் பார்த்துத் துப்பிவிட்டு, "இதுவும் நிலவேம்புக்குத் தங்கச்சிதாண்டா" என்றாள்.

சாஸ்திரப்படி அது பிழை. நிலவேம்பின் குலம் வேறு. ஆனால் வைத்தியர்கள் காய்ச்சலுக்குக் கொடுக்கும் இமயமலைக் கிராததிக்தமும், ஐரோப்பியர் பசியெடுக்கக் குடிக்கும் ஜென்ஷன் வேரும் இந்த ஊதாப்பூவின் குடும்பமே. மருந்து என்ற ஜாதியை நாக்கினாலேயே கண்டுபிடித்தவளிடம் குலம் கோத்திரம் பேசுவது அதிகப்பிரசங்கித்தனம்.

இம்மலைகள் கைப்புக்குப் புதியவை அல்ல. 1861இல் ஹக்கலவில் தோட்டம் போட்டதே கொயினா தரும் சின்கோனாவுக்காகத்தான். 1869இல் தலைகாட்டிய இலைநோயால் கோப்பி மடிந்தபின், துரைமார் அந்த மரத்தை மலைமலையாக நட்டு, பட்டையைக் கப்பலேற்றிக் குவித்ததில் விலை சரிய, அதையும் பிடுங்கித் தேயிலை வைத்தார்கள். எங்கள் ஊர்ப்பெயரின் பின்பாதி, மலைப் புல்வெளியைக் குறிக்கும் சிங்களச் சொல். அந்தப் புல் பெரும்பாலும் போய்விட்டது. பூ மட்டும் விளிம்பில் ஒண்டியிருக்கிறது.

மலைகளுக்கே நம்பர் போட்டுப் பழகிய ஜனங்கள் ஒரு பூவை நிறத்தால் அழைத்ததில் குற்றமில்லை. ஆனாலும் வாசகர்களில் எவருடைய அப்பாயியோ அம்மாயியோ இதற்கென்று ஒரு தமிழ்ப் பெயர் சொல்லி வந்திருந்தால், தயவுசெய்து ஒரு தபாலட்டையில் எழுதிப் போடுங்கள்.