முதலில் கால் தரையில் படட்டும்

பெருமூளை வாதம் உள்ள ஒரு பிள்ளையை வகுப்பில் பார்க்கப் போனால் நான் முதலில் பார்ப்பது கையை அல்ல, காலை. பாதம் இரண்டும் தரையில் பதிந்திருக்கின்றனவா, பெஞ்சிலிருந்து தொங்குகின்றனவா? கால் தொங்கினால் இடுப்பு நிலைக்காது. இடுப்பு நிலைக்காவிட்டால் முதுகு சரியும். சரிகிற உடம்பைத் தாங்கிப் பிடிக்கவே கையின் பலமெல்லாம் போய்விடும். அப்புறம் எந்தக் கையால் எழுதுவது? “இவனுக்கு எழுத வராது” என்று வருடக்கணக்கில் சொல்லப்பட்ட பிள்ளைகள் பலருக்கு, சரியாக உட்கார வைக்க ஆள் இல்லாததுதான் குறை.

தென்காசியைச் சுற்றியுள்ள ஊர்களில் சிறப்பாசிரியராக நான் செய்வது பெரும்பாலும் இந்த வேலைதான். பழைய நோட்டுகளைக் கட்டிக் காலடியில் வைப்பேன். இடுப்பை ஒரு துண்டால் நாற்காலியோடு இதமாகக் கட்டுவேன். மேசை முழங்கை உயரத்துக்கு வர வேண்டும். பென்சிலில் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றினால் பிடி பருமனாகும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் ‘அ’.

வீட்டுப் பயிற்சி வேறு கதை. கடையநல்லூர், ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கம் எத்தனையோ வீடுகளில் அம்மாக்கள் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றுகிறார்கள். சுற்றும் எண்ணிக்கைக்குத்தான் கூலி. அந்த அம்மாவிடம் “தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்” என்று சொல்வது, கூலியை விடச் சொல்வதுதான். அதனால் அவர் உட்காரும் அறையிலேயே, புகையிலைத் தூள் வராத தூரத்தில், சுவர் மூலை ஒன்றைத் தேடுவேன். மூலையின் இரண்டு சுவரும் பிள்ளையின் முதுகைத் தாங்கும். அம்மா கண் எதிரே இருப்பார், பேச்சும் நடக்கும். அந்தப் பேச்சும் பயிற்சிதான்.

ஒரு தாய் சொன்னது இன்றும் என்னை விடவில்லை: “கொண்டு விட்டா வச்சுக்கிடுதாவ டீச்சர். ஆனா ஒரு வேலையும் சொல்ல மாட்டேங்காவ.” வதை இல்லை, வசவு இல்லை, அவர் மகளை வகுப்பில் சும்மா உட்கார வைத்திருந்தார்கள். அடியையும் மன உளைச்சல் தருவதையும் 2009 கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது. சும்மா உட்கார வைப்பதை எந்தச் சட்டம் தடுக்கும்?

அவளுக்குப் பேச்சு தெளிவாக வராது. வகுப்பாசிரியரும் நானும் பேசி, எல்லார் பெயரையும் அட்டைகளில் எழுதி அவள் முன் ஒரு தட்டில் வைத்தோம். காலையில் வருகிறவர்கள் தங்கள் அட்டையை அவளிடம் சொல்லி எடுத்துக்கொள்ள வேண்டும். மிஞ்சியவை வராதவர்களுடையவை, அவற்றை ஆசிரியரிடம் நீட்டுவது அவள் பொறுப்பு. பிறகு பிள்ளைகள் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அதற்கு முன் “அந்தப் பிள்ள” என்றுதான் சொல்வார்கள்.

காத்திருப்பதும் இந்தத் தொழிலில் ஒரு கை வேலை. கேள்வி கேட்டுவிட்டு அவள் கண் பதிலை நோக்கி நகரும்வரை வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். பக்கத்துப் பிள்ளை பாசத்தில் முந்திக்கொண்டு பதில் சொல்வான். அவனையும் தடுக்க வேண்டும். அவளுடைய பதிலை வேறொருவர் சொல்வது, பாசத்தில் செய்தாலும், மரியாதைக் குறைவுதான்.

இதற்கெல்லாம் வெளியூரில் முன்மாதிரி தேட வேண்டியதில்லை. கடற்படைத் தேர்வின்போது அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-இல் இங்கே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். பத்மஸ்ரீயும் பெற்றார். தசைச் சிதைவு நோயோடு வாழும் ஆடிட்டர் எஸ். சங்கரராமன் பின்னர் அவரோடு சேர்ந்தார். சங்கத்தின் பள்ளியில் மாற்றுத்திறன் பிள்ளைகளும் மற்ற பிள்ளைகளும் சேர்ந்தே படிக்கிறார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வியை உரிமையாக்கியிருக்கிறது; அதை அருகிலுள்ள பள்ளியிலேயே பெறலாம்.

எனக்கு இன்னும் ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. சாரல் காலத்தில் பள்ளிகள் பிள்ளைகளைக் குற்றாலம் கூட்டிப்போகும்போது பெரும்பாலும் ஒருவர் மட்டும் வீட்டில் இருப்பார். “பாதுகாப்புக்காக” என்பார்கள். அருவியில் தலையைக் கொடுத்தால்தான் குற்றாலமா? பேரருவிக்கு எதிரே நின்றாலே முகம் நனையும். புலியருவியில் தண்ணீரின் வேகம் குறைவு. துணைக்கு ஒரு பெரியவர், மாற்றுத் துணி, வழுக்காத இடம் என்று முன்னாலேயே திட்டமிட்டால் போதும்.

ஜூனில் பட்டியல் போடப்போகும் ஆசிரியர்களே, அந்தப் பிள்ளையின் பெயரை முதலில் எழுதுங்கள். அதற்குப் பிறகு வேன் பேசுங்கள்.