பூஸ்டரை டீவிக்குப் பக்கத்துல வைக்காதீங்க

ரத்தோட்டைப் பக்கம் எங்க லயத்துல டிஷ் வச்ச வீடுகள்தான் கூட. மாசக் காசு கட்டினா தமிழ்ச் சானல் எல்லாம் கண்ணாடி மாதிரித் தெரியும், பெருமழை வரும்வரைக்கும். டிஷ்ஷுக்கு வானத்துலேர்ந்து வர்ற அலையோட நீளம் சுமார் இரண்டரை சென்ரிமீற்றர். அடிச்சுக் கொட்டுற மழை அதை உறிஞ்சிடும். மண்சரிவு எச்சரிக்கை தமிழ்ல எழுத்தா ஓட வேண்டிய அதே இரவுல அப்பாயியோட திரை கறுத்துப் போயிருக்கும். சாதாரண அன்டெனாவுக்கு வர்ற நீள அலைகள் மழையைப் பெருசா கண்டுக்கிறதில்ல. அதனாலதான் இந்த லீவுல நாங்க மூணு பேரும் பழைய அன்டெனாவைத் தூசு தட்டினோம்.

அதுல சிங்களச் செய்தி புள்ளி புள்ளியா வந்திச்சு. தமிழ்ச் சானல் சுத்தமா இல்ல. இதுக்கு அரசியல் காரணம் சொல்றவங்க லயத்துல இருக்காங்க. அந்தக் கோபத்துக்கு வேற நியாயங்கள் உண்டு, ஆனா இங்க காரணம் கம்பியோட நீளம். ரூபவாஹினி 1982இல் தொடங்கினப்போ விஎச்எஃப் அலைவரிசையில வந்தது. அதுக்கு ஏத்த கம்பி முக்கால் மீற்றருக்கு மேல இருக்கும். பின்னாடி வந்த பல சானல்கள் யூஎச்எஃப். அதுக்குக் கால் மீற்றர் கம்பி போதும். தாத்தா காலத்து அன்டெனா முதலாவதுக்காகச் செஞ்சது.

மாத்தளை டவுன்ல கடைக்கார நானா, "பெரிய பூஸ்டரா போடுங்க தம்பி, எல்லாம் வரும்"னார். பெட்டி மேல எத்தனை டெசிபல் பெருக்கும்னு கொட்டை எழுத்துல இருந்திச்சு. (கலைப்பீடத்துப் பிள்ளைகள் டெசிபலைக் கண்டு பயப்படத் தேவையில்ல. 3 டெசிபல் போனா பாதி போச்சு, அவ்வளவுதான்.) ஆனா பூஸ்டருக்கு எது சிக்னல், எது இரைச்சல்னு தெரியாது. ரெண்டையும் சேர்த்துப் பெருக்கும், தன்னோட இரைச்சலையும் கொஞ்சம் கலந்துவிடும். அந்தச் சொந்த இரைச்சல் எவ்வளவுங்கிறது பெட்டியில சின்ன எழுத்துல இருக்கும். நாங்க அதைத்தான் பார்த்து வாங்கினோம். 2 டெசிபல்னா நல்லது, 6ன்னா வேண்டாம்.

அதுக்கு முதல் இடம் பார்க்கணும். கூரையில எந்தப் பக்கம் திருப்பினாலும் மலைதான் மறைச்சுது. இல்லாத சிக்னலைப் பெருக்க எந்தப் பெட்டியாலயும் முடியாது. லயத்துக்கு மேல தேயிலைக்கு நடுவுல ஒரு பாறை மேடு இருக்கு. ஒருத்தர் அங்க அன்டெனாவைப் பிடிக்க, ஒருத்தர் நடுவழியில நிக்க, ஒருத்தர் வீட்டுல டீவி முன்னாடி நின்னு "வருது, வருது, போச்சு"ன்னு கத்த, ஒரு பின்னேரம் முழுக்கப் போச்சு. பூஸ்டர் இல்லாமலே மங்கலா ஒரு முகம் தெரிஞ்ச இடத்துல குழாயை நட்டோம்.

அங்கேர்ந்து வீட்டுக்கு 30 மீற்றர் வயர். யூஎச்எஃப் சிக்னல் அவ்வளவு தூரம் வந்தா மூணுல ஒரு பங்குதான் மிஞ்சும். அதனால பூஸ்டர் மேட்டுலயே, அன்டெனாவுக்குக் கீழேயே இருக்கணும். தேஞ்சு வந்ததை டீவிக்குப் பக்கத்துல வச்சுப் பெருக்கினா தேய்மானமும் பெருகும். அதுக்கு மின்சாரம் அதே வயர் வழியாவே மேல போகும், வீட்டுக்குள்ள ஒரு சின்னப் பெட்டி போதும். ரிவர்ஸ்டன் கோபுரம் நேரே தெரியுற வீட்டுக்காரங்க இந்தச் செலவே செய்யாதீங்க, பலமான சிக்னல்ல பூஸ்டர் திணறிப் படத்தைக் குழப்பிடும்.

இப்ப பக்கத்து வீட்டு மாமாவும் ஒரு வயர் கேக்குறார். கொடுக்கலாம். ரெண்டாப் பிரிச்சா ஒவ்வொருத்தருக்கும் பாதியைவிடக் கொஞ்சம் குறைவாப் போகும், அதனால பிரிக்கிற துண்டு பூஸ்டருக்குப் பிறகுதான், அந்தச் சின்னப் பெட்டிக்கும் டீவிக்கும் இடையில வரணும். இன்னொண்ணு, ஏப்ரல் மாசத்துப் பின்னேர இடிக்குக் குழாயில எர்த் இருந்தாலும் வயரைக் கழட்டிடணும். அப்பாயி அதுக்கு மட்டும் சம்மதிக்க மாட்டேங்கிறாங்க. சீரியல் நேரமாம்.