லாத்தாவின் முத்திரைப் பெட்டி

சென்ற ஷஃபான் மாதத்தில், மதரஸாவின் சிறு பிள்ளைகளுக்குப் பெருநாள் வாழ்த்து அட்டை செய்யக் கற்றுக்கொடுக்கலாம் என்று எண்ணினேன். கடையில் வாங்கிக் கொடுப்பதைவிடத் தம் கையாலேயே செய்து வீட்டுப் பெரியவர்களுக்குக் கொடுப்பது சிறப்பல்லவா? அப்போதுதான் உம்மா வீட்டுப் பரணில் கிடந்த லாத்தாவின் பெட்டி நினைவுக்கு வந்தது.

1990களில் மச்சான் மலேசியாவில் வேலை பார்த்தார். விடுமுறையில் வரும்போதெல்லாம் மரக்கட்டையில் ஒட்டிய ரப்பர் முத்திரைகள் இரண்டொன்று கொண்டுவருவார். பிறை, நட்சத்திரம், விளக்கு, பூங்கொடி என்று அவை 14 ஆகப் பெருகின. ரமலானில் அஸருக்குப் பின் லாத்தா முற்றத்தில் அமர்ந்து அட்டைகளில் அவற்றைப் பதிப்பார். உறவில் ஒரு வீடும் விடுபடாது.

நான் பட்டயப் படிப்பை முடித்து ஊர் திரும்பியபோது எனக்கு வயது 22. "மச்சான் உழைத்து அனுப்பும் பணத்தை இப்படி வீணாக்கலாமா?" என்று உம்மாவின் முன்னிலையிலேயே லாத்தாவிடம் கேட்டுவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. மறு ஆண்டு எந்த வீட்டுக்கும் அட்டை போகவில்லை. என் அறிவுரை பலித்தது என்றே அன்று மகிழ்ந்தேன்.

பெட்டியைத் திறந்தபோது முத்திரைகள் கல்லாக இறுகிக் கிடந்தன. கோடுகளின் இடுக்கில் பழைய மை காய்ந்து அப்பியிருந்தது. லாத்தாவிடம் ஒரு வார்த்தை கேட்காமலேயே, பிறை முத்திரையை எடுத்து மண்ணெண்ணெயால் துடைத்தேன். மை கரைந்தது உண்மைதான். ஆனால் சற்று நேரத்தில் ரப்பர் ஊதிப் பெருத்து, கோடுகள் ஒன்றோடொன்று கலந்து, கட்டையிலிருந்தும் பெயர்ந்துவிட்டது. மச்சான் மரணித்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவர் கொண்டுவந்த பொருளை நான் பாழாக்கிவிட்டேன்.

கடைத்தெருவில் ரப்பர் ஸ்டாம்பு செய்து தரும் முதியவரிடம் மற்றவற்றைக் கொண்டு சென்றேன். ரப்பர் மரத்துப் பாலிலிருந்து எடுத்த ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதியும் நெகிழ்வும் பெறும். சார்லஸ் குட்இயர் என்ற அமெரிக்கர் 1839-இல் கண்ட முறை அது. காற்றும் ஒளியும் வெப்பமும் ஆண்டுக்கணக்கில் பட்டால் அந்த நெகிழ்வு போய்விடும். "உள்வரை இறுகினதை யாராலும் மீட்க முடியாது தம்பி. மேல்பரப்பைத்தான் சரிபண்ணலாம். எண்ணெய் எதுவும் காட்டாதீங்க" என்றார் அவர்.

அவர் சொன்னபடியே செய்தேன். வெதுவெதுப்பான நீரில் சிறிது சோப்பைக் கரைத்து, பழைய மென்மையான பல்துலக்கியால் கோடுகளின் இடுக்கைத் தேய்த்தேன். மரக்கட்டை நனையாமல் பார்த்துக்கொண்டேன். நிழலில் உலர்த்தி, மிக மெல்லிய உப்புத்தாளால் பளபளத்த மேற்பரப்பை ஓரிரு முறை மட்டும் வருடினேன். அழுத்தினால் கோடே தேய்ந்துவிடும். பின்னர் மருந்துக்கடையில் வாங்கிய கிளிசரினைத் துணியில் தொட்டு மெலிதாகத் தடவி, ஓர் இரவு வைத்திருந்து துடைத்தேன். சிலவற்றில் கட்டைக்கும் ரப்பருக்கும் இடையிலிருந்த ஸ்பாஞ்சு பொடியாக உதிர்ந்தது. புதிதாக வெட்டி ஒட்டினேன். பிறகு புதிய ஸ்டாம்பு பேடில் தொட்டுப் பதித்துப் பார்த்தேன். அல்ஹம்துலில்லாஹ், 11 முத்திரைகள் தெளிவாகப் பதிந்தன. இரண்டு ஆழமாக வெடித்திருந்தன, அவற்றை விட்டுவிட்டேன்.

பெட்டியுடன் லாத்தா வீட்டுக்குச் சென்றேன். பிறை முத்திரையை முதலில் எடுத்து வைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் அதை விரலால் தடவினார்.

"உங்க மச்சான் முதன்முதலா கொண்டுவந்தது இதுதான்" என்றார்.

அன்று உம்மாவின் முன்னிலையில் நான் பேசியதையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மறந்திருப்பார் என்று எண்ணியிருந்தேன். "காசு வீணாகுதுன்னு சொன்னே. அந்தக் காசை அனுப்பினவரே அட்டை வரலையேன்னு கேட்டாரு தம்பி. நான் என்ன சொல்ல?" என்றார். சற்று நேரம் இருவரும் பேசவில்லை. பின்னர் பூங்கொடி முத்திரையை எடுத்து, மை தொட்டு, நான் கொண்டுபோயிருந்த தாளில் பதித்தார். "ஓரம் கொஞ்சம் விட்டுப்போகுது. பரவாயில்லை" என்றார்.

ரமலானின் மூன்றாம் வாரத்தில் லாத்தாவே மதரஸாவுக்கு வந்து பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். பிறையை மட்டும் அவர்கள் கையால் வரைந்தார்கள்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படிப் பழைய முத்திரைகள் இருக்கக்கூடும். வெயிலும் வெக்கையும் படாத அலமாரிக்கு அவற்றை மாற்றுங்கள். மண்ணெண்ணெயை அருகில் கொண்டுசெல்லாதீர்கள். அதற்கும் முன்னதாக, அவற்றுக்கு உரியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.