அண்ணன், தம்பி, அனிமே

நாற்பதைத் தாண்டிய ஆள் அனிமே பார்க்கிறேன் என்று சொன்னால் ஆபீஸில் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பார்க்கட்டும். இதே ஆபீஸில் ஐம்பது வயசு வங்காளிகள், நாராயண் தேப்நாத் 1965-இல் ஆரம்பித்த ரோஸ் கலர் பனியன் பயில்வான் ‘பாண்டுல் தி கிரேட்’ பற்றிக் கண் கலங்கப் பேசுகிறார்கள். டின்டினின் நாய்க்கு உலகம் பூரா என்ன பேர் இருந்தாலும் இவர்களுக்கு அது ‘குட்டுஷ்’தான். நமக்கு எப்படி 1972-இல் சிவகாசியிலிருந்து கிளம்பிய இரும்புக்கை மாயாவியோ, அப்படி. அவரவர் பைத்தியம் அவரவர்க்கு.

ஆகவே இன்றைக்கு என் பைத்தியம். ஸ்பாய்லர்கள் உண்டு, கோபப்படாதீர்கள் மக்களே.

எனக்கு ஆரம்பம் தூர்தர்ஷன். 1993-இல் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹிந்தியில் வந்த ‘ஜங்கிள் புக்’. குல்சார் எழுதிய டைட்டில் பாட்டு, ஷேர் கானுக்கு நானா படேகர் குரல். ஒரு வார்த்தை புரியாமல் திருநெல்வேலியில் தெருவே உட்கார்ந்து பார்த்தது. அது ஜப்பானில் செய்த படம் என்று தெரிய எனக்குப் பல வருஷம் ஆனது. மௌக்ளியை மத்தியப் பிரதேசத்துப் பையன் என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

இப்போது கொல்கத்தாவில், லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கிறோம். கொல்கத்தாவில் தமிழ்க் குடும்பம் என்றால் பெரும்பாலும் இந்த ஏரியாதான். மல்லிப்பூவும் வாழையிலையும் காப்பிப்பொடியும் கிடைக்கும். கிடைக்காத ஒன்று, பிள்ளைகள் வாயில் தமிழ். பெரியவளுக்கு 13, சின்னவனுக்கு 9. ஸ்கூலில் இங்கிலீஷ், தெருவில் வங்காளம், டிவியில் ஹிந்தி. நானும் வீட்டுக்காரியும் பேசுவது புரியும். பதில் வேறு பாஷையில் வரும். சின்னவன் அக்காவை ‘திதி’ என்றுதான் கூப்பிடுவான். வெளியூரில் இருக்கிற எல்லார் வீட்டிலும் இதே கதைதான் என்று தெரியும்.

இதற்கும் அனிமேவுக்கும் என்ன சம்பந்தம் என்றால், இருக்கிறது. என் கட்சி இதுதான்: ஜப்பான்காரன் எடுக்கும் குடும்பக் கதையை இங்கிலீஷில் பார்ப்பதைப் போல வீண் வேலை இல்லை. அவர்களுக்கும் நம்மைப் போல அண்ணனுக்கு ஒரு சொல், தம்பிக்கு ஒரு சொல், அக்காவுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று. வினை நம்மைப் போலவே கடைசியில் வரும். மரியாதைக்கு ஒரு பேச்சு, உரிமைக்கு ஒரு பேச்சு. இங்கிலீஷ் சப்டைட்டிலில் இதெல்லாம் காணாமல் போகும்.

முதல் சாட்சி ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’. ஹிரோமு அராகாவா என்ற பெண்மணி 2001 முதல் 2010 வரை வரைந்த மங்கா, 27 வால்யூம். ஹொக்கைடோவில் மாட்டுப்பண்ணை வீட்டில் வளர்ந்தவர். அவர் கதையில் யாரும் வேலை செய்யாமல் சோறு தின்பதில்லை. செத்துப்போன அம்மாவைத் திரும்பக் கொண்டுவரப் போய் அண்ணன் ஒரு காலையும் ஒரு கையையும், தம்பி முழு உடம்பையும் இழக்கிறார்கள். தம்பியின் உயிர் ஒரு பெரிய இரும்புக் கவசத்துக்குள். அண்ணனோ குள்ளன். பார்க்கிறவன் எல்லாம் கவசத்தைத்தான் மூத்தவன் என்று நினைப்பான். அந்த மலை மாதிரி கவசம் குள்ளனைப் பார்த்து வாய்க்கு வாய் ‘நீசான்’ என்கிறது. அதாவது அண்ணா. கதையின் மொத்தப் பாசமும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. இங்கிலீஷ் டப்பிங்கில் அது ‘பிரதர்’. பிரதர் என்றால் எனக்கு சர்ச்சும், பஸ்ஸில் ‘கொஞ்சம் தள்ளி உட்காருங்க பிரதர்’ என்பவரும்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். என் மதிப்பில் தொடர்களிலேயே முதல் இடம் இதற்குத்தான். 2009-இல் வந்த ‘பிரதர்ஹுட்’ 64 எபிசோடையும் பாருங்கள். மகளையும் நாயையும் வைத்து ஒரு விஞ்ஞானி செய்கிற காரியம் வரும் எபிசோடை மட்டும் சின்னப் பிள்ளைகளோடு பார்க்காதீர்கள்.

அடுத்து ‘டீமன் ஸ்லேயர்’. உண்மையைச் சொன்னால் கதை ஒரு போஸ்ட் கார்டில் அடங்கும். பேய் குடும்பத்தைக் கொன்றது, தங்கை பேயானாள், அண்ணன் வாள் எடுத்தான். ஸெனிட்ஸு என்ற ஆள் கத்துகிற கத்தலில் எனக்குத் தலைவலி வந்துவிடும். ஆனால் ஒரு இடம். எலும்பு முறிந்து கிடந்தபடி சண்டை போடும் தஞ்சிரோ தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொள்கிறான்: நான் மூத்தவன், அதனால்தான் தாங்க முடிகிறது, இரண்டாமவனாக இருந்திருந்தால் தாங்கியிருக்க மாட்டேன் என்கிற அர்த்தத்தில். நெட்டில் உலகமே இதை வைத்துச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தங்கச்சி கல்யாணம் முடிகிற வரைக்கும் தன் கல்யாணத்தைப் பற்றிப் பேசாத மூத்த பையன்களை நமக்கெல்லாம் தெரியும். பாதிப் பேர் அதற்காகத்தான் ஊரை விட்டே வந்தோம். இன்னொரு விஷயத்துக்காகவும் இதைப் பாராட்ட வேண்டும்: நன்றாக விற்றுக்கொண்டிருந்தபோதே மங்காவை 2020-இல் 23 வால்யூமோடு முடித்தார்கள். ‘ஒன் பீஸ்’ 1997-இல் ஆரம்பித்து 100 வால்யூம் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. ஏஸ் சாகிற வரைக்கும் நான் பக்தன். அதற்கப்புறம் ஜவ்வு.

மற்றதெல்லாம் சட்டென்று. ‘டெத் நோட்’: எல் செத்ததும் டிவியை அணைத்துவிடுங்கள். 37 எபிசோடில் 25-ஆவது அது, மிச்சம் மொக்கை. ‘அட்டாக் ஆன் டைட்டன்’: முதல் மூன்று சீசன் பிரமாதம், முடிவு எனக்குச் செரிக்கவில்லை. ‘சோலோ லெவலிங்’: ஒருவன் பலசாலி ஆகிறான். அப்புறம் இன்னும் பலசாலி ஆகிறான். அவ்வளவுதான். ‘ஷின்-சான்’: சின்னவன் பார்த்தால் நான் ஹாலிலிருந்து எழுந்து போய்விடுவேன். ‘நருட்டோ’: முதல் தொடரின் கடைசி எண்பது சொச்சம் எபிசோடும் ஃபில்லர், கண்ணை மூடிக்கொண்டு தாண்டிவிடலாம். ஆனால் இட்டாச்சி தம்பியின் நெற்றியில் விரலால் தட்டும் அந்தச் சைகைக்காக மிச்ச எல்லாவற்றையும் மன்னிக்கலாம். ஊரெல்லாம் துரோகி என்று திட்ட, தம்பிக்காக வாயைத் திறக்காமலே செத்துப்போகிற அண்ணன். பழைய சிவாஜி படம் மாதிரி இருக்கிறதா? அதனால்தான் பிடிக்கிறது :-)

புத்தகமாகப் படிக்க நினைப்பவர்களுக்கு ஒஸாமு தெஸுகாவின் ‘புத்தா’. 1972-இல் ஆரம்பித்து 1983 வரை வரைந்தார். இங்கிலீஷில் எட்டு வால்யூம். சித்தார்த்தன் பிறப்பதற்கு முன்னாலேயே, அடிமை வீட்டுப் பையன் சாப்ரா ஜாதியை மறைத்துப் படைத்தலைவர் வீட்டில் வளரும் கதைதான் முதல் வால்யூம். அதைவிடச் சிறந்த பாகம் பின்னால் இல்லை. இங்கிருந்து கயா ஒரு ராத்திரி ரயில் தூரம். ஆனால் புத்தர் கதையை வைத்து ஜாதியைப் பற்றி இவ்வளவு நேராக நம் பிள்ளைகளுக்கு யாராவது காமிக்ஸ் போட்டார்களா என்று யோசித்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

சரி, மொழி விவகாரத்துக்கு வருகிறேன்.

‘டோரேமான்’ 2005-இல் நம் நாட்டுக்கு ஹிந்தியில் வந்தது. விளைவு என்ன தெரியுமா? பக்கத்து பங்களாதேஷில் பிள்ளைகள் வீட்டில் ஹிந்தி பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்று 2013-இல் அரசாங்கமே அந்த ஹிந்தி டோரேமானைத் தடை செய்தது. மொழிக்காக உயிரைக் கொடுத்து நாடு வாங்கியவர்கள், ஒரு நீலப் பூனையிடம் தோற்றுவிடுவோமோ என்று பயந்தார்கள். பிறகு வங்காளத்திலேயே டப் செய்து போட்டார்கள். சிரிக்கத் தோன்றும். என் சின்னவன் ‘மம்மி, பூக் லகீ ஹை’ என்று சமையலறைக்கு ஓடிவந்த அன்று நான் சிரிக்கவில்லை.

இப்போது தமிழ் டப்பிங்கும் வருகிறது. 2022-இல் சோனி யே சேனல் நருட்டோவைத் தமிழிலும் வங்காளத்திலும் கூடப் போட்டது. ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேஸில்’ 2025 செப்டம்பரில் தியேட்டருக்கே தமிழில் வந்தது. தரம் எப்படி என்றால், பாதி நேரம் சினிமா பஞ்ச் டயலாக் வாடை. எல்லாரும் மெட்ராஸ் காலேஜ் கேன்டீனில் உட்கார்ந்த மாதிரி பேசுகிறார்கள். ஆனாலும் ‘டா’ இருக்கிறதே, அது ஒன்று போதும். நண்பன் நண்பனை நோக்கிக் கத்தும்போது இங்கிலீஷில் அந்த இடம் காலி. தமிழில் ‘டேய்’ என்று விழும்போது சரியான இடத்தில் விழுகிறது. கொஞ்சம் சுமாராக இருந்தாலும் தமிழில்தான் போடுகிறேன்.

ஜிப்லி படங்களை மட்டும் ஜப்பானிய ஒலியில், இங்கிலீஷ் சப்டைட்டிலோடு பார்ப்போம். போன மே மாதம் ஊரிலிருந்து அம்மா வந்திருந்தாள். பிள்ளைகளுக்கு ஆச்சி. அவளுக்குத் தமிழைத் தவிர ஒன்றும் தெரியாது. பிள்ளைகளுக்குத் தமிழைத் தவிர எல்லாம் தெரியும். முதல் ஒரு வாரம் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்கள், பேச்சு இல்லை. ஒரு மத்தியானம் பெரியவள் ‘டோட்டோரோ’ போட்டாள். ஆச்சியும் உட்கார்ந்தாள். அதில் தங்கை மெய், அக்காவைப் பேர் சொல்லிக் கூப்பிடவே மாட்டாள். ‘ஒனேசான்’ என்பாள், சப்டைட்டிலில் ‘ஸட்ஸுகி’ என்று போடுவான். ஆச்சிதான் எழுத்தைப் படிக்க மாட்டாளே, காதால் கேட்டுவிட்டு, ‘சின்னது அக்கான்னுதான கூப்பிடுது’ என்றாள். சின்னவன் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

அடுத்த வாரம் ‘கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃப்ளைஸ்’. 1988-இல் இஸாவோ தகஹாதா எடுத்தது. போரில் அம்மாவை இழந்த அண்ணனும் தங்கையும் பட்டினியில் சாகும் கதை. தன் தங்கையை அப்படிப் பறிகொடுத்த அகியுகி நொஸாகா எழுதியது. 1943 பஞ்சத்தில் ஜனங்கள் நடைபாதையில் விழுந்து செத்த ஊர் இது. இங்கே உட்கார்ந்து பார்க்கும்போது ஜப்பான் அவ்வளவு தூரமாகத் தெரியாது. பெரியவள் சப்டைட்டிலைப் படித்துப் படித்து ஆச்சிக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். திக்கித் திணறி. அந்தச் சொந்தக்காரி வந்ததும் ஆச்சி நிறுத்தினாள்.

‘ஏட்டி, இவ யாரு?’

‘ஆண்ட்டி, ஆச்சி.’

‘ஆண்ட்டின்னா? அத்தையா, சித்தியா?’

பெரியவள் என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியவில்லை. படத்தில் அவள் ஏதோ தூரத்து உறவு. ‘ஒபாசான்’ என்ற சொல்லைக் காதால் கேட்டால் அம்மா வழியா அப்பா வழியா என்று தெரியாது. இந்த ஒரு விஷயத்தில் ஜப்பானியமும் இங்கிலீஷோடு சேர்ந்து நம்மைக் கைவிடுகிறது. ஆச்சி விடவில்லை. அத்தை என்றால் யார், சித்தி என்றால் யார், பெரியம்மா என்றால் யார் என்று படத்தை நிறுத்தி வைத்துவிட்டு அரை மணி நேரம் பாடம் நடந்தது. பெரியவள் நோட்டில் படம் போட்டு எழுதிக்கொண்டாள். அப்புறம் அந்தப் பொம்பளை செத்தவளின் கிமோனோவை அரிசிக்கு விற்றுவிட்டு, பிள்ளைகளுக்கு மட்டும் கஞ்சித் தண்ணி ஊற்றினாள். ஆச்சி தீர்ப்பு சொல்லிவிட்டாள்: ‘இவ அத்தையேதான். சித்தின்னா சோறு போட்டிருப்பா.’ அவளே நாலு பேருக்கு அத்தை என்பதை வீட்டுக்காரி மட்டும்தான் சிரிக்காமல் எடுத்துச் சொன்னாள்.

அன்றைக்குப் பெரியவளுக்கு ‘மின்மினி’ என்ற சொல்லும் கிடைத்தது. அதுவரை அவளுக்கு அது ‘ஜோனாகி’.

‘ஸ்பிரிட்டட் அவே’யில் வேறு மாதிரி ஆனது. மந்திரக்கிழவி சிஹிரோவின் பேரைப் பிடுங்கி ஒரே எழுத்தை விட்டுவைத்து ‘சென்’ என்று கூப்பிடுவாள். சொந்தப் பேரை மறந்தால் வீட்டுக்குத் திரும்ப முடியாது. (இந்த ஊரில் சென் என்பது குடும்பப் பேர், அமர்த்தியா சென், சுசித்ரா சென் மாதிரி. வங்காளி நண்பர்களுக்கு அந்தக் காட்சியே காமெடி.) பெரியவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நம் வழக்கப்படி அவளுக்கு இனிஷியல்தான். ஸ்கூல் ஃபாரத்தில் சர்நேம் கட்டாயம் வேண்டும் என்று என் பேரை அந்தக் கட்டத்தில் போட்டுவிட்டார்கள். வகுப்பில் என் பேரைச் சொல்லித்தான் அவளைக் கூப்பிடுகிறார்கள். படம் முடிந்ததும் ஆச்சியிடம் போய், ‘என் பேரு யாரு வெச்சா?’ என்று கேட்டாள். தமிழில். ஆச்சி அந்தப் பேர் வந்த கதையைத் தன் மாமியாரிலிருந்து ஆரம்பித்தாள். நான் எழுந்து போய்விட்டேன். எனக்குத் தெரிந்த கதைதான்.

வருகிற மே மாதம் ஆச்சி மறுபடி வருகிறாள். இரண்டு ராத்திரி ரயில் இந்த வயசில் வேண்டாம், ஃப்ளைட்டில் வா என்றால் கேட்க மாட்டேன் என்கிறாள். ஜப்பான்காரர் யூகோ சாகோவும் நம்ம ராம் மோகனும் சேர்ந்து எடுத்த ராமாயணப் படத்தை முதலில் பார்க்க வேண்டும் என்று பெரியவள் லிஸ்ட் போட்டுவிட்டாள். 2025 ஜனவரியில் அது தமிழிலும் தியேட்டருக்கு வந்தது. சின்னவன் ஒத்துக்கொள்ளவில்லை. ஆச்சியோடு உட்கார்ந்து நருட்டோ முழுவதும் பார்க்க வேண்டுமாம், முதலிலிருந்து, ஃபில்லரையும் சேர்த்து. இரண்டு தொடரும் சேர்த்து 720 எபிசோட். ஆச்சி இருக்கப்போவது ஒன்றரை மாதம்.