கனவுக்கு விலை கொடுத்தவர்கள்

பனித்தீவில் பிறந்த சாப்பர் என்ற கலைமான் குட்டிக்கு ஒரு கனவு: எல்லா நோயையும் தீர்க்கிற மருத்துவன் ஆகவேண்டும். இப்படி ஒரே மூச்சில் சொன்னால் பள்ளி ஆண்டுவிழா மேடையில் மைக் பிடித்த பிள்ளை ஒப்பிப்பதுபோலத்தான் இருக்கிறது. ஜப்பானியச் சித்திரக்கதையான 'ஒன் பீஸ்' மங்கா படித்தவர்களுக்கு அப்படி இருக்காது. அவர்களுக்கு அந்தக் காளான் நினைவுக்கு வந்துவிடும்.

மூக்கு நீலமாக இருந்ததற்காக மான் கூட்டம் சாப்பரை ஒதுக்கியது. ஒரு மாயப் பழத்தைத் தின்று பாதி மனிதனான பிறகு மனிதர்கள் அவனைச் சுட்டு விரட்டினார்கள். சேர்த்துக்கொண்டவர் ஹிலுலுக் ஒருவர்தான். அவர் பெயருக்குத்தான் டாக்டர், வைத்தியம் தெரியாதவர். ஆனால் நோயாளி என்று ஒருவரைக் கண்டால் அவரால் சும்மா இருக்க முடியாது. அந்த மனிதருக்கே தீராத நோய் வந்தது. சாப்பர் மருத்துவப் புத்தகத்தில் ஒரு காளானின் படத்தைப் பார்த்தான். பக்கத்தில் மண்டையோட்டுக் குறி இருந்தது. மண்டையோடு என்றால் முடியாததை முடித்துக்காட்டும் நம்பிக்கை என்று ஹிலுலுக் சொல்லிக் கொடுத்திருந்தார். எனவே அது நோயை எதிர்க்கும் காளான் என்று நினைத்து, உடம்பெல்லாம் காயத்தோடு போய்ப் பறித்து வந்தான். அதில் வைத்த சூப்பை ஹிலுலுக் விஷம் என்று தெரிந்தே குடித்தார், குட்டியின் மனம் நோகக்கூடாது என்பதற்காக.

நல்ல மனம் மட்டும் இருந்தால் ஆளைக் காப்பாற்ற முடியாது என்பதைச் சாப்பருக்குச் சொன்னவர் குரேஹா என்ற கிழவி, கைதேர்ந்த மருத்துவர். அழுதுகொண்டே அவரிடம் வைத்தியம் கற்றுக்கொடுக்கக் கேட்கிறான் சாப்பர். இந்த இடத்துக்குப் பிறகு அவனுடைய கனவை யாரும் குழந்தைத்தனம் என்று சொல்ல முடியாது. எல்லா நோய்க்கும் மருந்து என்பது நடக்கக்கூடியதா என்ற கேள்வியே எழுவதில்லை. தான் நேசித்த ஒரே ஆளுக்குத் தன் கையாலேயே விஷத்தைக் கொண்டுவந்து கொடுத்தவன், இனி ஒருபோதும் அப்படி அறியாமல் இருக்கமாட்டேன் என்று எடுத்த முடிவு அது.

எய்ச்சிரோ ஓடா இந்தக் கதையை 1997 ஜூலையில் 'வீக்லி ஷோனென் ஜம்ப்' இதழில் தொடங்கினார். நூறு தொகுதிகளைத் தாண்டி இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. கதாநாயகன் லூஃபியின் கொள்ளைக் கப்பலில் ஏறுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கனவு உண்டு. சாகச மங்காக்களில் இது புதிதல்ல. உலகிலேயே வலியவன், உலகிலேயே சிறந்தவன் என்று முதல் அத்தியாயத்திலேயே முழங்குகிற நாயகர்கள் ஏராளம். அவர்களில் பலரை நான் மறந்துவிட்டேன். இந்தக் கப்பலில் இருப்பவர்களை ஏன் மறக்க முடியவில்லை என்று பலமுறை யோசித்திருக்கிறேன். கனவு எவ்வளவு பெரியது என்பதில் காரணம் இல்லை. அது எப்போது நிறைவேறும் என்ற எதிர்பார்ப்பிலும் இல்லை. ஒவ்வொரு கனவுக்கும் வேறு யாரோ முன்பே விலை கொடுத்திருக்கிறார்கள். கனவு காண்பவருக்கு அந்த ஆள் யார் என்று தெரியும்.

சமையல்காரன் சாஞ்சியைப் பாருங்கள். நான்கு கடல்களின் மீன்களும் ஒன்றுசேரும் 'ஆல் ப்ளூ' என்ற கடலைக் காண்பது அவன் கனவு. அவன் சிறுவனாக இருந்தபோது ஸெஃப் என்ற கடற்கொள்ளைத் தலைவர் அவன் வேலைபார்த்த கப்பலைத் தாக்குகிறார். புயலில் கப்பல்கள் உடைகின்றன. இருவரும் ஒரு பாறையில் ஒதுங்குகிறார்கள். ஸெஃப் சிறிய மூட்டையைப் பையனிடம் கொடுத்து, பெரிய மூட்டையைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறார். பசி தாங்காமல் ஒருநாள் அந்தப் பெரிய மூட்டையைத் திருட வந்த பையன் அதைக் கிழித்துப் பார்க்கிறான். உள்ளே தங்கம்தான் இருக்கிறது, சாப்பாடு ஒரு துளியும் இல்லை. ஸெஃப் தன் காலையே வெட்டித் தின்று உயிர் பிழைத்திருக்கிறார். உதைச் சண்டையில் பெயர்பெற்ற மனிதர் அவர். அந்தப் பையனும் தன்னைப்போலவே ஆல் ப்ளூவைத் தேடுகிறான் என்பதற்காக அதைச் செய்தார். 85 நாள் கழித்துத்தான் அவர்களை ஒரு கப்பல் மீட்கிறது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது அதற்குப் பிறகு நடப்பது. சாஞ்சி கனவைத் துரத்திக்கொண்டு ஓடவில்லை. ஸெஃப் நடத்தும் மிதக்கும் உணவகத்திலேயே ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறான். நன்றியே காலைக் கட்டிப்போடுகிறது. கனவைத் தந்த ஆளை விட்டுப் போனால்தான் கனவை அடைய முடியும் என்ற நிலையில் ஓடா அவனை நிறுத்துகிறார். வீட்டை விட்டு வெளியூருக்கு வேலைக்கோ படிப்புக்கோ கிளம்பியவர்கள் அந்தப் பிரிவுக் காட்சியை எளிதில் கடந்துபோக முடியாது. பேருந்து நிலையத்தில் என்னை வழியனுப்பிய அப்பாவின் முகத்தை நினைக்காமல் அந்தப் பக்கங்களை நான் படித்ததில்லை.

ஸோரோவின் கதை இன்னும் நேரானது. குய்னா என்ற சிறுமியிடம் 2001 முறை தோற்றவன் அவன். இருவரில் ஒருவர் உலகின் தலைசிறந்த வாள்வீரர் ஆகவேண்டும் என்று அவளோடு உறுதி எடுத்துக்கொள்கிறான். மறுநாளே படிக்கட்டில் விழுந்து அவள் இறந்துபோகிறாள். போர் இல்லை, வில்லன் இல்லை, வெறும் படிக்கட்டு. அவளுடைய வாளை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டான். அதனால் அவன் தோற்றால் இரண்டு பேர் தோற்றதாகிவிடும். இவ்வளவு கனத்தைச் சுமப்பவன் த்ரில்லர் பார்க் கப்பலில், லூஃபியைக் காப்பாற்ற வேறு வழியில்லாமல், எதிரியான குமாவிடம் தன் தலையை எடுத்துக்கொள்ளச் சொல்கிறான். உயிரோடு கனவும் போகும் என்று தெரிந்தேதான் சொல்கிறான். பிறகு ஒருநாள், தான் வெல்லவேண்டிய மிஹாக்கின் முன்னாலேயே மண்டியிட்டு வாள்வித்தை கற்றுத்தரக் கேட்கிறான். அவன் கனவு எனக்கு உண்மையாகத் தெரிந்தது இந்த இரண்டு இடங்களில்தான். அவன் வென்ற சண்டைகள் எதிலும் அந்த அளவுக்குத் தெரிந்ததில்லை.

நாமிக்கு வேறு விதமான கொடுமை நடக்கிறது. உலக வரைபடத்தைத் தன் கையால் வரையவேண்டும் என்பது அவள் சிறுவயது ஆசை. அவளை வளர்த்த பெல்மேரைக் கடற்கொள்ளையன் ஆர்லாங் கொன்றுவிட்டு, அந்தச் சிறுமியின் வரைபடத் திறமையைப் பார்த்து அவளையே தூக்கிக்கொண்டு போகிறான். எட்டு ஆண்டுகள் ஓர் அறையில் உட்கார்ந்து அவனுக்காகக் கடல்களை வரைகிறாள். கனவையே கைவிலங்காக்கி அவள் கையில் மாட்டியிருக்கிறான். லூஃபி அந்த அறைக்குள் வந்து, ரத்தம் ஊறிய பேனாவைப் பார்த்ததும் அறை முழுவதையும் உடைத்து நொறுக்குகிறான். அவள் ஆண்டுக்கணக்கில் வரைந்த தாள்கள் எல்லாம் பறக்கின்றன. ஒரு கனவின் உழைப்பு இப்படி அழிவதைப் பார்த்து வாசகர் நிம்மதிப் பெருமூச்சு விடுகிற இடம் வேறு எந்தச் சாகசக் கதையிலும் நான் பார்த்ததில்லை. வரைவது அவள் ஆசைதான். யாருக்காக, யார் கட்டளைக்கு வரைந்தாள் என்பதுதான் அந்தத் தாள்களைப் பாழாக்கியது.

இவர்கள் எல்லோருக்கும் நேர் எதிரே நிற்பவன் கருந்தாடி டீச் என்ற கடற்கொள்ளையன். அவன் பொய்யன், கொலைகாரன். ஆனால் கனவைப் பற்றிப் பேசும்போது நடிப்பதில்லை. ஜாயா தீவில் பெல்லமி என்பவன் லூஃபியையும் ஸோரோவையும் கனவு காண்பதற்காகக் கேலி செய்து அடிக்கிறான். இருவரும் திருப்பி அடிப்பதில்லை. அதன் பிறகு தெருவில் அவர்களிடம் மனிதர்களின் கனவுக்கு முடிவு இல்லை என்று உரக்கச் சொல்பவன் இந்தக் கருந்தாடிதான். முதல்முறை படிக்கும்போது அவன் நல்லவன் என்றே நினைக்கத் தோன்றும். அவனும் கடற்கொள்ளையர் அரசனாக விரும்புகிறவன். லூஃபி விரும்புவதும் அதையேதான். பேச்சில் ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. வித்தியாசம் செலவுக் கணக்கில் இருக்கிறது. டீச் தான் தேடிய பழத்துக்காகக் கூடவே சாப்பிட்டுத் தூங்கிய தாட்ச்சைக் கொன்றவன், லூஃபியின் அண்ணன் ஏஸைப் பிடித்துக் கடற்படையிடம் ஒப்படைத்துப் பதவி வாங்கியவன். லூஃபியின் கனவுக்காக ஷாங்க்ஸ் என்ற கொள்ளையர் தலைவர் தன் இடது கையைக் கடல் மிருகத்துக்குக் கொடுத்தார். அவர் தலையிலிருந்து எடுத்து வைத்த வைக்கோல் தொப்பியை லூஃபி இன்னும் போட்டுக்கொண்டு திரிகிறான். ஒருவனுக்கு மற்றவர்கள் தாமாகக் கொடுத்தார்கள். இன்னொருவன் மற்றவர்களைக் கொடுக்கவைத்தான். நாயகனையும் வில்லனையும் ஒரே கனவு காணவைத்து, இந்த ஒரு கணக்கால் பிரித்துக் காட்டியது ஓடாவின் பெரிய சாதனை என்று நினைக்கிறேன்.

ஆண்டுக்கணக்கில் ஓடும் தொடருக்கு வேறொரு வசதியும் உண்டு, சிறுகதைக்கோ திரைப்படத்துக்கோ கிடைக்காத வசதி. லாபூன் என்ற திமிங்கிலம் மலைச்சுவரில் தலையை மோதிக்கொண்டே இருக்கிறது. அதை விட்டுப்போன கொள்ளையர் குழு திரும்பி வருவதாகச் சொன்னது. 50 ஆண்டுகள் ஆகிவிட்டன. லூஃபி அதன் தலையில் ஒரு சின்னத்தை வரைந்து, மறுபடி வந்து சண்டை போடுவதாகச் சொல்லிவிட்டுப் போகிறான். வாசகர்களும் மறந்துவிட்டார்கள். ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் கழித்து, ப்ரூக் என்ற எலும்புக்கூட்டு இசைக்கலைஞன் வருகிறான். அந்தக் குழுவில் மிஞ்சியவன் அவன் ஒருவன்தான். தோழர்கள் எல்லோரும் விஷக் காயத்தில் ஒவ்வொருவராக விழுந்து சாகும்வரை பாடிய பாட்டைச் சிப்பிக்குள் பதிவுசெய்து வைத்திருக்கிறான், அந்தத் திமிங்கிலத்திடம் சேர்ப்பதற்காக. திமிங்கிலம் அங்கேயே காத்திருக்கிறது என்று லூஃபி சொன்னதும் ப்ரூக் கலங்கிப்போகிறான். வாரந்தோறும் படித்தவர்கள் அந்த இடைவெளியைத் தங்கள் வாழ்க்கையிலேயே கடந்திருப்பார்கள். பள்ளியில் லாபூனைப் படித்தவர், வேலைக்குப் போன பிறகு ப்ரூக்கைப் படித்திருப்பார். கதைக்குள் ஓடிய காலம் கொஞ்சம்தான், ஆனால் நமக்கு வயதாகிவிட்டது. காத்திருப்பு எவ்வளவு நீளம் என்பதை எழுத்தாளர் சொல்லவேண்டிய தேவையே இல்லாமல் போகிறது.

நான் சொல்லும் கணக்குக்குள் சரியாக அடங்காதவன் உசோப். வீரனாகவேண்டும் என்ற அவன் கனவுக்காக யாரும் காலையோ கையையோ இழக்கவில்லை. தந்தை கடலுக்குப் போய்விட்டார், தாய் நோயில் இறந்தார். படுக்கையில் கிடந்த தாயிடம் அப்பா வந்துவிட்டார் என்று பொய் சொல்லத்தான் அந்தச் சிறுவனால் முடிந்தது. அவன் கனவுக்கு எல்லைக்கோடும் கிடையாது. எதைச் செய்தால் வீரன் ஆனதாகும்? ஒவ்வொரு சண்டையிலும் ஓடிவிடத் துடிக்கிறான், ஒவ்வொரு முறையும் புதிதாக முடிவெடுத்துத் திரும்பி நிற்கிறான். அந்தக் கனவின் விலையை அவனேதான் செலுத்தவேண்டும், அதுவும் தவணை தவணையாக. மற்றவர்களை எனக்குப் பிடிக்கும், உசோப்பை எனக்குத் தெரியும்.

லூஃபியின் கனவில் ஒரு பகுதி நமக்கு மறைக்கப்பட்டிருக்கிறது. அரசனாவது அவனுக்கு முடிவல்ல, அதற்கு அப்பால் ஒன்று இருக்கிறது. அதைச் சிறுவயதில் சகோதரர்களான ஏஸிடமும் சாபோவிடமும் சொன்னான். 2022-ல் வந்த 1060-ஆம் அத்தியாயத்தில் கப்பல் தோழர்களிடம் சொல்கிறான். கேட்டவர்களின் முகத்தை ஓடா வரைந்தார், சொன்னதை மட்டும் வரையவில்லை. சிலருக்கு இது ஏமாற்று வேலையாகத் தெரிந்தது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஷபோண்டி தீவில், பழைய கடற்கொள்ளையர் அரசன் ரோஜருடைய கப்பலில் பயணம் செய்த ரேலியிடம் ஒன் பீஸ் என்ற புதையல் இருக்கிறதா என்று உசோப் கேட்க வாயெடுத்தபோது லூஃபி கத்தித் தடுத்தான். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதானால் கொள்ளையனாகவே இருக்கமாட்டேன் என்றான். போய்ப் பார்ப்பதுதான் அவனுக்குக் கனவு. அப்படிப்பட்டவனுடைய மனதில் இருப்பது நமக்கு மட்டும் முன்கூட்டியே கிடைத்தால் அது அவனுக்குச் செய்யும் நியாயமாகாது.

என் தம்பியும் இந்தத் தொடரைப் படிப்பவன். போன மாதம் பேசிக்கொண்டிருந்தபோது, "ஆல் ப்ளூவ ஓடா மறந்தே போயிட்டாருக்கா" என்றான். நூற்றுக்கணக்கான அத்தியாயங்களில் சாஞ்சி அதைப் பற்றி அநேகமாக வாய் திறப்பதில்லை என்பது அவன் குறை. நாமியின் கனவைப் பற்றி இதே குறையைச் சொன்னால் நான் ஏற்கமாட்டேன், போகிற ஒவ்வொரு தீவும் அவள் வரைபடத்தில் ஒரு தாள். ஆனால் சாஞ்சியைப் பற்றித் தம்பி சொன்னது சரி. பசித்தவன் யாராக இருந்தாலும் சோறு போடுவது என்ற ஸெஃப்பின் பழக்கம் அவன் கையில் எப்போதும் இருக்கிறது, அதை ஓடா விட்டுவிடவில்லை. அந்தக் கடல்தான் காணாமல் போய்விட்டது. எனவே ஆல் ப்ளூ வரும்போது இரண்டு பக்கத்துக்கு விரித்த ஓர் அழகான படத்தோடு முடித்துக்கொள்ளக்கூடாது. ஸெஃப் உயிரோடு இருக்கும்போதே அவருக்குச் செய்தி போகவேண்டும். செய்தி மட்டும் போதாது என்று தம்பியிடம் சொன்னேன். நான்கு கடலின் மீனும் கெடாமல் ஸெஃப் இருக்கும் கிழக்குக் கடல் வரை போய்ச் சேரவேண்டும், சாஞ்சி அதைக் கருவாடாக்கினானா, உப்பில் ஊறவைத்தானா, எந்தக் கப்பலில் யாரிடம் கொடுத்தனுப்பினான் என்பதெல்லாம் அந்த அத்தியாயத்தில் இருக்கவேண்டும்.