அறுந்த பிரி

எங்கள் கல்லூரியின் புதிய வகுப்பறைக் கட்டடத்தைக் கடக்கும்போதெல்லாம் தமிழ்த்துறையைச் சேர்ந்த எங்கள் மூவருக்கும் பேச்சு நின்றுவிடுகிறது. 2014 கோடை விடுமுறையில், அவ்விடம் வெறும் புல்தரையாக இருந்தபோது, மண் பரிசோதனைக்கு ஐந்து தொழிலாளர்கள் வந்திறங்கினார்கள். விடைத்தாள் திருத்த வந்திருந்த நாங்கள் தேநீர் வேளைகளில் தாழ்வாரத்தில் நின்று வேடிக்கை பார்த்தோம்.

மூன்று இரும்புக் குழாய்களைச் சேர்த்து நிறுத்திய முக்காலி. உச்சியில் ஒரு கப்பி. அதன்வழி ஓடும் கயிற்றின் முனையில், அவர்கள் ஹாமர் என்றழைத்த 63.5 கிலோ இரும்புப் பளு. துளைக்குள் இறக்கிய தண்டின் தலைமீது அதை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட வேண்டும். தண்டு 45 செ.மீ. இறங்கும்வரை அடிகளை எண்ணி, கடைசி 30 செ.மீ.க்கு ஆன அடிகளைக் கணக்கில் கொள்வார்கள். அடி குறைந்தால் மண் இளகியது, கூடினால் இறுகியது. விளையாட்டாக நாங்களும் கூடவே எண்ணினோம்.

கயிற்றில் ஒரு பிரி அறுந்து சிலும்பி நின்றதை முதல் நாளே கண்டோம். அதன்மேல் துணி சுற்றியிருந்தார்கள். அவர்களுக்குத் தெரியாததா என்று இருந்துவிட்டோம்.

மறுநாள் முற்பகல், தளர்ந்த இணைப்பை முறுக்குவதற்காக ஓர் இளைஞர் தண்டின் தலையைப் பற்றினார். பளு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கயிறு அறுந்தது. ஓசை சற்றே மங்கலாகக் கேட்டது. எங்களில் ஒருவர் அதையும் சேர்த்துப் 'பதினேழு' என்றார்.

சுட்டுவிரலின் ஒரு கணு போயிற்று. பளுவை இறக்கி வைத்துவிட்டல்லவா கை நீட்ட வேண்டும் என்று மேற்பார்வையாளர் கடிந்துகொண்டார். துளைக்கு இவ்வளவு என்று கூலி பேசிவிட்டு, இறக்கி ஏற்ற நேரம் எங்கே தந்தீர்கள் என்று மூத்த தொழிலாளி கேட்டார். கையுறை போட்டிருக்கலாமே என்றோம் நாங்கள். அந்த எடைக்குக் கையுறை எம்மாத்திரம்! புதுக் கயிறு ஒன்று போதுமாயிருந்தது.

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்ட அட்டவணையைப் பின்னர் தேடிப் படித்தோம். சுட்டுவிரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 14 விழுக்காடு இழப்பு. ஒரு கணுவுக்கு 9. விரலுக்கும் விலைப்பட்டியல் இருந்தது.

ஒரு மாதம் கழித்து அறிக்கை வந்தது. ஆழம், மண்ணின் நிறம், அடிகளின் எண்ணிக்கை எல்லாம் இருந்தன. இரண்டாம் துளைக்கு எதிரே, 'கருவிப் பழுது, சோதனை மறுநாள் தொடர்ந்தது' என்று ஒரு வரி. அச்சொல்லுக்குள் கயிறு அடங்கும். விரல் அடங்காது.

பாக்கிக் கூலி வாங்க அவர் வந்தபோது, கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே பேனாவை இடுக்கிக் கையெழுத்திட்டார். கயிற்றை முன்பே பார்த்தோம் என்று அவரிடம் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. இங்கே சொல்கிறோம்.

இப்போதெல்லாம் வளாகத்தில் யார் சாரம் கட்டினாலும் அருகே போய்க் கயிற்றைத் தொட்டுப் பார்க்கிறோம். தமிழ் வாத்தியாருக்கு இங்கே என்ன வேலை என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.